பாலத்தை அகலமாக்குதல்



கிழக்கு மாகாணத்திலே பிறந்து வளர்ந்தவர்களுக்குப் 'பாதை' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. எல்லோரும் அறிந்த நடைவழி ஒன்று. ஆற்றுத் துறையிலும் கழிமுகத்திலும் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை மற்றொன்று. வழி எங்கே நீரில் முடிகின்றதோ, அங்கே மிதவையே வழியாயிற்று. ஆகவே அதற்கும் பாதை என்றே பெயரிட்டனர் எம்முடைய முன்னோர். திருகோணமலையிலிருந்து கரையோரமாக மட்டக்களப்புக்குச் செல்ல விரும்பியவன் ஒரு காலத்தில் இத்தகைய பாதைகள் பலவற்றில் ஏறி இறங்க வேண்டியிருந்தது. கிண்ணியாத் துறையிலே பாதை வரும்வரை யான் காத்துநின்ற நேரத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தால், என் வாழ்நாளிற் சில வாரங்களாவது அதிலே கழிந்திருக்கும்.

2009 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. சவூதி அரேபிய நாட்டின் நிதியுதவியோடு எழுந்த அப்பாலத்தின் நீளம் 396 மீற்றர். நாட்டிலேயே மிக நீண்ட பாலம் என்று அன்று அதைப் போற்றினர். அதன்பின் கரையோர வீதியின் ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. பாதையிற் போய்ப் பழகிய முதியவர் சிலர் புதிய பாலத்தில் ஏறியதும் பழக்கத்தினாலே வேட்டியைச் சற்றுத் தூக்கிக் கொண்டதைக் கண்டு யான் சிரித்ததுண்டு.

ஆனால், இன்று பேச எடுத்துக்கொண்டது புதிய பாலம் கட்டுவதைப் பற்றியன்று. முன்பே ஒரு பாலம் இருக்கின்றது. அது போதாமற் போய்விட்டது. அதை அகலமாக்க வேண்டும் என்று ஊரார் கேட்கின்றனர். அப்போது என்ன செய்கின்றார்கள்? அதற்கான வரைபடத்தை யார் வரைகின்றார்? அவரோடு செய்யும் ஒப்பந்தத்தில் என்னென்ன எழுதப்படுகின்றன? எழுதப்படாமற் போனால் நேர்வது யாது? இவையே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்டவை. யான் பொறியியல் படித்தவன் அல்லேன். வரலாறும் தமிழும் படித்துப் பட்டம் பெற்றுப் பள்ளிக்கூடத்திலே தலை நரைத்தவன். ஆயினும், பிள்ளைகள் பாலத்தைக் கடந்தே பாடசாலைக்கு வருகின்றார்கள். ஆதலால் இவ்விடயத்தை ஓரளவு விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய கடமை எனக்கு உண்டாயிற்று.

'அகலமாக்குவதென்றால் என்ன பெரிய காரியம்? இந்தப் பக்கம் ஐந்தடி, அந்தப் பக்கம் ஐந்தடி கூட்டிவிட்டாற் போயிற்று' என்று கூறுவோர் பலர். யானும் அவ்வாறு எண்ணியிருந்தவனே. என் எண்ணத்தை மாற்றியது ஒரு சிறிய நிகழ்ச்சி. பல ஆண்டுகளுக்கு முன் யான் ஒரு பாடசாலையிலே பொறுப்பேற்றிருந்தபோது, இருந்த வகுப்பறைக் கட்டடத்தின் மேலே ஒரு மாடி எழுப்ப வேண்டுமென்று பெற்றோர் முடிவு செய்தனர். பணமும் ஓரளவு சேர்ந்தது. பார்வையிட வந்த தொழினுட்ப உத்தியோகத்தர் சுவரையோ கூரையையோ நிமிர்ந்து பார்க்கவில்லை. மண்வெட்டி ஒன்று கேட்டார். ஒரு மூலையிலே தோண்டுவித்து, அத்திவாரத்தை அளந்தார். கற்களைத் தட்டிப் பார்த்தார். பின்னர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "ஐயா, இது தன்னைத் தாங்கத்தான் கட்டியது, இன்னொன்றைத் தாங்கக் கட்டியதல்ல" என்றார். மாடி எழவில்லை. பெற்றோர் சிலர் அவர் மீது கோபங்கொண்டனர். அன்று அவர் சொன்ன அந்த ஒரு வசனத்திலே பாலம் அகலமாக்கும் கலையின் பாதி அடங்கியிருக்கின்றது என்பது பின்னாளிலேதான் எனக்கு விளங்கியது.

பாலத்தின் கண்ணுக்குத் தெரியும் பகுதி சிறிது. நீருக்கும் மண்ணுக்கும் கீழே மறைந்திருப்பதே பெரிது. மேலே தளத்தை அகலமாக்கினால், கூடிய பாரம் தூணுக்கு இறங்கும். தூணிலிருந்து அத்திவாரத்துக்கு இறங்கும். அங்கிருந்து மண்ணுக்கு இறங்கும். பழைய அத்திவாரம் எவ்வளவு ஆழம், எத்தகைய மண்ணிலே நிற்கின்றது என்பதைக் காட்டும் வரைபடங்கள் பெரும்பாலும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், வரைந்தபடியே கட்டினார்களா என்பதை யார் அறிவார்?

இலண்டன் மாநகரிலே தேம்ஸ் நதியின் மீது 1831 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட கற்பாலத்தின் கதை இதற்கு நல்ல சான்று. 19 ஆம் நூற்றாண்டு முடியும் வேளையில் அந்நகரத்தின் நெரிசல் மிக்க இடங்களுள் ஒன்றாக அப்பாலம் ஆகிவிட்டது. 1902 முதல் 1904 வரை அதை அகலமாக்கினர். 52 அடி அகலம் 65 அடியாயிற்று. பக்கங்களிலே கருங்கல் தாங்கிகளை நீட்டி, அவற்றின் மீது நடைபாதையை அமைத்தனர். பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. ஆனால் பின்னர் அளந்து பார்த்தபோது, பாலம் எட்டு ஆண்டுக்கு ஓர் அங்குலம் வீதம் அமிழ்ந்துகொண்டிருப்பது தெரிய வந்தது. 1924 ஆம் ஆண்டளவில் கிழக்குப் பக்கம் மேற்குப் பக்கத்திலும் மூன்று நான்கு அங்குலம் தாழ்ந்திருந்தது. கடைசியில் அப்பாலத்தை அமெரிக்கச் செல்வர் ஒருவருக்கு 1968 ஆம் ஆண்டிலே விற்றுவிட்டனர். அவர் அதன் முகக்கற்களைக் கழற்றிக் கப்பலேற்றி, அரிசோனா மாநிலத்துப் பாலைநிலத்திலே ஒரு ஏரிக்கரையில் மீண்டும் நிறுவிக்கொண்டார்! பாலத்தை விற்ற கதை வேடிக்கையானது. விற்க நேர்ந்த காரணம் வேடிக்கையானதன்று.

நியூசிலாந்திலே ஒக்லாந்துத் துறைமுகப் பாலத்தின் கதை வேறு வகையானது. துறைமுக நகரத்தவராகிய நமக்கு அது நெருக்கமான கதை. பாலத்தைத் திட்டமிட்டபோது செலவைக் குறைக்க வேண்டுமென்று கூறி, வாகன வரிசைகளைக் குறைத்தனர், நடைபாதையையும் நீக்கினர். 1959 ஆம் ஆண்டிலே நான்கு வரிசைகளோடு பாலம் திறக்கப்பட்டது. பத்தே ஆண்டுகளில் அது போதாமற் போயிற்று. 1969 ஆம் ஆண்டிலே யப்பானிய நிறுவனம் ஒன்று உருக்குப் பெட்டி வடிவான பகுதிகளைச் செய்து கொணர்ந்து, பழைய பாலத்தின் இருபுறத்திலும் பக்கத்துக்கு இரண்டு வரிசையாகப் பொருத்திக் கொடுத்தது. நான்கு எட்டாயிற்று. ஆயினும், பின்னாளிலே அந்தப் பக்கப் பகுதிகளிலே உருக்கின் களைப்பினால் வெடிப்புகள் கண்டன. அவற்றைப் பலமுறை வலுப்படுத்த வேண்டியதாயிற்று. உருக்குக்கும் களைப்பு உண்டோ என நேயர்கள் கேட்கலாம். ஒரு கம்பியை முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால் முறிகின்றதன்றோ? பார ஊர்திகள் இலட்சக்கணக்கான தடவை ஏறி இறங்கும்போது பாலத்துக்கும் அதுவே நேர்கின்றது. முதலிலே சேமித்த பணத்தைப்போல எத்தனை மடங்கு பின்னர் செலவாயிற்று என்று கணக்கிட்டால், சிக்கனம் என்ற சொல்லின் பொருளையே மீண்டும் ஆராய வேண்டியிருக்கும்.

மூன்றாவது வழி ஒன்றுண்டு. பழையதைத் தொடாமல், அதன் பக்கத்திலேயே புதியதொன்றைக் கட்டுவது. மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆளுநர் மனிங் அவர்களின் காலத்தில் அவருடைய மனைவியாரின் பெயரால், 1924 ஆம் ஆண்டிலே எழுந்த உருக்குப் பாலம் அது. ஒரு பக்கத்து வாகனங்கள் வரும்போது மறுபக்கத்தவை காத்து நிற்க வேண்டிய அளவு ஒடுங்கியது. நிலவிரவிலே வாவி மீன்கள் பாடுவதைக் கேட்பதற்கென்று அப்பாலத்துக்குப் போனவர்களும் உண்டு. அதை அகலமாக்க முயலாமல், யப்பானிய நிதியுதவியோடு அருகிலேயே புதிய பாலத்தைக் கட்டி, 2013 ஆம் ஆண்டிலே திறந்தனர். பழைய பாலம் இடிக்கப்படவில்லை. நடப்போருக்கும் துவிச்சக்கர வண்டியிற் செல்வோருக்கும் உரியதாக நின்றது. வேலை நடந்த காலமெல்லாம் பழைய பாலத்திலே போக்குவரத்து ஓடிக்கொண்டிருந்ததே அம்முறையின் பெரும் பயன் என்பது என் கருத்து. இதை நேயர்கள் நினைவிலே வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

இம்மூன்று வழிகளுள் எது தக்கது என்று தீர்மானிப்பவர் யார்? அமைச்சரும் அல்லர், ஊராரும் அல்லர், கொந்தராத்துக்காரரும் அல்லர். வடிவமைப்புப் பொறியியலாளரே அதை ஆராய்ந்து கூற வேண்டும். ஆகவே, பாலத்தைக் கட்டும் ஒப்பந்தத்துக்கு முன்னதாக, பாலத்தை வடிவமைக்கும் ஒப்பந்தம் ஒன்று வருகின்றது. கட்டட ஒப்பந்தத்தைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதும். அடிக்கல் நாட்டு விழாவும் நடக்கும். வடிவமைப்பு ஒப்பந்தத்துக்கு மாலையும் இல்லை, மேளமும் இல்லை. அதற்குரிய கட்டணமோ முழுச் செலவிலே நூற்றுக்குச் சில பங்கே. ஆனால் மீதிப் பணம் முழுவதும் நன்றாகச் செலவாகுமா, நீரிலே கரையுமா என்பது அந்தச் சிறு பங்கிலேயே தங்கியிருக்கின்றது.

வீதியின் உரிமை எவருடையதோ அவர், நம் நாட்டிலே பெரும் வீதிகளாயின் வீதி அபிவிருத்தி அதிகாரசபை, முதலிலே தமக்கு வேண்டியது இன்னதென எழுதுகின்றார். எத்தனை வாகன வரிசை, எத்தகைய பாரம், எத்தனை ஆண்டுக் காலம், நடைபாதை உண்டா, கீழே படகு செல்ல எவ்வளவு உயரம் வேண்டும் என்பன அதில் அடங்கும். வினாத்தாள் தயாரிப்பதைப் போன்றது இவ்வேலை. வினா தெளிவில்லாதிருந்தால் விடை எவ்வாறு தெளிவாக அமையும்? ஆசிரியராகிய எமக்கு இது நாள்தோறும் கண்ட உண்மை. 'பாலத்தை மேம்படுத்துக' என்று ஒரு வரியிலே எழுதிவிட்டால், விடையெழுதுபவர் தமக்கு இலகுவானதை எழுதிவிட்டுப் போவார்.

பின்னர் ஆலோசக நிறுவனங்களைத் தெரிவு செய்கின்றனர். மணலும் கல்லும் வாங்கும்போது விலை குறைந்தவருக்கே கேள்விப் பத்திரத்தை வழங்கலாம், மணல் மணல்தானே. ஆனால் அறிவை வாங்கும்போது அவ்வாறு செய்தல் ஆகாது. எனவே உலக வங்கி முதலிய நிறுவனங்களின் நடைமுறைகளிலே, நிறுவனத்தின் திறமைக்கும் அனுபவத்துக்கும் பெரும்பகுதிப் புள்ளிகளையும், கட்டணத்துக்குச் சிறு பகுதிப் புள்ளிகளையும் இட்டுக் கூட்டிப் பார்க்கும் முறை உண்டு. நூற்றுக்கு எண்பது, இருபது என்று பிரிப்பது வழக்கமானதொன்று. திறமைப் புள்ளிகளை இட்டு முடிக்கும்வரை விலையுறையைத் திறப்பதில்லை. நோயாளி வைத்தியரைத் தேடுவது போன்ற காரியம் இது.

ஒப்பந்தத்திலே மிகவும் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வடிவமைப்பாளர் எதற்குப் பொறுப்பாளி? இங்கே சட்டம் நுட்பமான வேறுபாடு ஒன்றைச் செய்கின்றது. ஆலோசகர் தமது தொழிலுக்கேற்ற நியாயமான திறமையோடும் கவனத்தோடும் வேலை செய்வதாக வாக்களிக்கின்றார். பயன் உறுதியாகக் கிடைக்கும் என்று வாக்களிப்பதில்லை. வைத்தியர் நன்றாக வைத்தியம் பார்ப்பதாகச் சொல்லலாமேயன்றி நோய் கட்டாயம் மாறும் என்று எழுதிக் கொடுக்க மாட்டாரன்றோ? ஆனால் கொந்தராத்துக்காரரே வடிவமைத்துக் கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டால், பாலம் தன் நோக்கத்துக்கு ஏற்றதாய் அமையும் என்பதற்கே அவர் பொறுப்பாளியாவது வழக்கம். 1913 ஆம் ஆண்டிலே தோன்றிய சர்வதேச ஆலோசகப் பொறியியலாளர் சம்மேளனம், 1957 முதல் இவற்றுக்கெல்லாம் மாதிரி ஒப்பந்தங்களை வெளியிட்டு வருகின்றது. உரிமையாளரே வடிவமைப்பைக் கொடுக்கும் ஒப்பந்தத்துக்குச் செந்நிற அட்டை. கொந்தராத்துக்காரர் வடிவமைப்பதற்கு மஞ்சள் நிறம். அட்டையின் நிறத்தைக் கேட்டே, தவறு நேர்ந்தால் யார் தலையில் விடியும் என்று இத்துறையினர் சொல்லிவிடுவார்களாம்.

இரண்டாம் முறையே நன்று என்று நேயர்கள் முடிவு செய்தல் வேண்டா. புதிய பாலத்துக்கு அது பொருந்தலாம். பழைய பாலத்தை அகலமாக்கும்போது, மறைந்து கிடப்பவை அதிகம். மறைந்து கிடப்பதற்கெல்லாம் தானே பொறுப்பென்று ஏற்கும் கொந்தராத்துக்காரர், அந்த அச்சத்துக்கும் சேர்த்தே விலை கூறுவார். அல்லது விலையைக் குறைத்துக் கூறிவிட்டு, ஒவ்வொன்றாக வெளிப்படும்போது வழக்காடுவார். அதனினும், முதலிலேயே பணத்தைச் செலவிட்டு, மண்ணைத் துளையிட்டுப் பார்த்து, பழைய தூணைத் தட்டிச் சோதித்து, இருப்பதை அறிந்துகொண்டு விலை கேட்பது நன்று. என் பாடசாலைக்கு வந்த உத்தியோகத்தர் மண்வெட்டி கேட்டது இதற்காகவே.

நம் பக்கத்து நிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொட்டியாரக் குடாவிலே மகாவலி கங்கை வந்து விழுகின்றது. ஆறு கொணர்ந்து படியவைத்த சேறும் மணலும் மாறி மாறி அடுக்கடுக்காகக் கிடக்கும். ஓரிடத்தில் உறுதியான நிலம் கிடைத்ததென்றால், நூறடி தள்ளியும் அவ்வாறே இருக்கும் என்பது நிச்சயமில்லை. அன்றியும் இது உப்பு நீர், உப்புக் காற்று. கொங்கிறீற்றுக்குள்ளே உப்பு மெல்ல மெல்ல ஊறிச்சென்று கம்பியை அடைந்தால் துரு பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பிலும் கூடிய இடத்தை அடைத்துக்கொள்வதால், கொங்கிறீற்றை உள்ளிருந்தே பிளக்கும். கடற்கரை வீடுகளின் முகப்புத் தூண்கள் நெடுக வெடித்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஆகவே கம்பியை மூடும் கொங்கிறீற்றின் தடிப்பு ஒரு விரற்கடை கூடுதலா குறைவா என்பது, வரைபடத்திலே ஒரு சிறு எண். பாலத்துக்கோ அதுவே ஆயுள்.

பழையதையும் புதியதையும் இணைக்கும் இடமோ இன்னும் தொல்லை மிக்கது. பழைய கொங்கிறீற்று சுருங்கி முடித்தது. புதியது இனிமேற்றான் சுருங்கும். பழைய அத்திவாரம் அமிழ்ந்து அடங்கியது. புதியது இனிமேல் அமிழும். ஒன்றோடொன்றை உடனே இறுகக் கட்டினால், இளையது இழுக்க முதியது வெடிக்கும். ஆதலால் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளியை விட்டுவைத்து, புதிய பகுதி தன் அசைவுகளைப் பெரும்பாலும் முடித்துக்கொண்ட பின்னரே அவ்விடைவெளியை நிரப்புவர். புதுமணத் தம்பதிகளைப் பெரியவர்களோடு ஒரே வீட்டில் வைப்பதைப் பற்றி எம்மூர்ப் பாட்டிமார் கூறும் அறிவுரையும் ஏறக்குறைய இத்தகையதே.

நீர்க் குழாய்களைப் பற்றியும் மின்கம்பிகளைப் பற்றியும் நீட்டிப் பேசப்போவதில்லை. பாலம் எங்கே கடக்கின்றதோ அங்கேயே அவையும் கடக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு திணைக்களத்துக்கு உரியது; ஒவ்வொரு திணைக்களத்துக்கும் ஒவ்வொரு கடிதம். அணுகுவீதியை அகலமாக்கக் கரையிலே காணி எடுக்க வேண்டுமாயின், 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின்படி அறிவித்தல், விசாரணை, நட்டஈடு என்று அது தனியானதொரு பயணம். பாலம் கட்டப் பிடிக்கும் காலத்தைவிடக் காணி பெறப் பிடிக்கும் காலம் நீண்டிருந்த இடங்கள் உண்டு.

இனி, வடிவமைப்பை யார் மேற்பார்வை செய்கின்றார் என்பதற்கு வருவோம். கனடா நாட்டிலே கியூபெக் நகரத்தருகே கட்டப்பட்டுக்கொண்டிருந்த மாபெரும் உருக்குப் பாலம், 1907 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 29 ஆந் திகதி மாலையிலே ஆற்றில் வீழ்ந்தது. எழுபத்தைந்து தொழிலாளர் மாண்டனர். நடுவிலுள்ள இடைத்தூரத்தை 1600 அடியிலிருந்து 1800 அடியாக முன்னரே கூட்டியிருந்தனர். ஆனால் பாலத்தின் சொந்தப் பாரத்தை அதற்கேற்றபடி மீண்டும் கணிக்கவில்லை. ஆலோசகப் பொறியியலாளரான தியோடர் கூப்பர் பெரும் புகழ் படைத்தவர். முதுமையினாலும் உடல்நலக் குறைவினாலும் நியூயோர்க் நகரத்தில் இருந்தவாறே வேலையைக் கவனித்து வந்தார். தம்முடைய கணக்கை வேறொருவர் சரிபார்ப்பதை அவர் விரும்பவில்லை. உருக்குத் தகடுகள் வளைகின்றன என்று தளத்திலிருந்து செய்தி வந்தது. இளம் பொறியியலாளர் ஒருவர் நேரிலே நியூயோர்க் சென்று கூறினார். இனிப் பாரம் ஏற்ற வேண்டாமென்று கூப்பர் தந்தி கொடுத்தார். ஆனால் அத்தந்தி போனது உருக்குத் தொழிற்சாலைக்கு, பாலத்தடிக்கு அன்று. அன்று மாலை வேலை முடியும் தறுவாயிலே பாலம் வீழ்ந்தது. கணக்கிலே தவறு நேர்வது மனித இயல்பு. அந்தத் தவறைக் கண்டவன் யாரிடம் சொல்வது, சொன்னால் வேலையை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பதை எவரும் எழுதி வைக்காததே அங்கே எழுபத்தைந்து உயிரைக் கொண்டது. வடிவமைப்பாளரோடு தொடர்பில்லாத மற்றொருவர் கணக்கு முழுவதையும் புதிதாகச் செய்து பார்க்க வேண்டும் என்று இக்காலத்திலே பெரும் பாலங்களுக்கு விதிப்பது இத்தகைய அனுபவங்களின் பேறாகும்.

அண்மைக் காலத்திலும் இது நடந்திருக்கின்றது. அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரத்திலே 1967 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட பாலம், 2007 ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி வீழ்ந்து பதின்மூன்று பேர் மாண்டனர். உத்தரங்களைப் பிணைக்கும் தகடுகள் வேண்டிய தடிப்பிலே பாதியளவாகவே முதலில் வடிவமைக்கப்பட்டிருந்தன. நாற்பது ஆண்டு அது எவர்க்கும் தெரியவில்லை. இடையிலே தளத்தின் மேல் மேலும் கொங்கிறீற்று இட்டனர், நடுச்சுவர் எழுப்பினர், ஒவ்வொரு முறையும் பாரம் கூடியது. வீழ்ந்த அன்று, திருத்த வேலைக்கென்று கொணர்ந்த கல்லும் மணலும் இயந்திரங்களும் தளத்தின் மீது குவிந்திருந்தன. பழைய பாலத்தின் மேல் எதையேனும் கூட்டுபவர், முதல் வரைந்தவர் எல்லாவற்றையும் சரியாகவே செய்திருப்பார் என்று நம்பிவிடலாகாது என்பதை இது காட்டுகின்றது. வேலை நடக்கும் நாட்களே பாலத்துக்கு மிகவும் ஆபத்தான நாட்கள் என்பதையுங் காட்டுகின்றது.

வேலை நடக்கும் நாட்கள் என்றேன். இப்போது எம் மாவட்டத்துக்கே திரும்பி வருகின்றேன்.

கிண்ணியாவிலே குறிஞ்சாக்கேணி என்று ஓரிடம். அங்கிருந்த பழைய ஒடுங்கிய பாலத்துக்குப் பதிலாகப் புதிய பாலம் கட்டும் வேலை 2021 ஆம் ஆண்டிலே நடந்துகொண்டிருந்தது. பழைய பாலத்தால் போக முடியாத அந்தக் காலத்திலே மக்கள் நீரைக் கடப்பதற்கு மீண்டும் பாதையே துணையாயிற்று; நான் தொடக்கத்திற் கூறிய அதே மிதவைப் பாதை. 2021 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23 ஆந் திகதி காலை, பாடசாலை செல்லும் நேரத்தில், அப்பாதை கவிழ்ந்தது. அன்றே ஆறு உயிர்கள் போயின. அவர்களுள் நால்வர் மாணவர். பின்வந்த நாட்களிலே அத்தொகை மேலும் உயர்ந்தது.

செய்தி வந்தபோது யான் வேறொரு பாடசாலையிலே, என் அறையில் இருந்தேன். ஆசிரியை ஒருவர் வந்து சொன்னார். வெள்ளைச் சீருடை நீரிலே நனைந்தால் எவ்வளவு கனக்கும், புத்தகப் பை முதுகிலே இருக்கும்போது ஒரு சிறு பிள்ளையால் எவ்வாறு கையை வீச முடியும் என்பதைத் தவிர வேறொன்றையும் என்னால் அப்போது எண்ண முடியவில்லை. யாருடைய குற்றம் என்பதை விசாரிப்பது நீதிமன்றத்தின் வேலை. யான் அதிலே புகவில்லை. யான் கேட்பது வேறு.

ஒரு பாலத்தை மாற்றும்போதும் அகலமாக்கும்போதும், இடைக்காலத்திலே மக்கள் எவ்வழியாற் போவர் என்பது வடிவமைப்பின் ஒரு பகுதியா, அன்றா? பகுதியே என்பது இத்துறை அறிந்தவர்களின் விடை. தற்காலிகப் பாலமா, பாதியைக் கட்டி மறுபாதியிற் போக்குவரத்தை விடுவதா, கல்லடியிற் போலப் பழையதை ஓடவிட்டுப் பக்கத்திற் கட்டுவதா என்பதைக் கொண்டே பாலத்தின் வடிவம் மாறும், செலவு மாறும், காலம் மாறும். ஆகையால் அது முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். ஆனால் ஒப்பந்தம் எழுதும்போது, வேலை அளவுகளையும் விலைகளையும் வரிசையாகக் காட்டும் பட்டியலின் முற்பகுதியிலே, 'போக்குவரத்துக்குத் தற்காலிக ஒழுங்குகள்' என்று ஒரு வரியை எழுதி, அதற்கு நேரே மொத்தமாக ஒரு தொகையை இட்டுவிடுவது எளிது. கேள்வியிலே போட்டியிடும் கொந்தராத்துக்காரர் தம் விலையைக் குறைக்க எண்ணினால் முதலிலே கைவைப்பதும் அந்த வரியிலேதான். ஏனெனில், கம்பியையும் சீமெந்தையும் அளந்து பார்ப்பதற்கு ஆள் உண்டு, அந்த ஒரு வரியை அளந்து பார்ப்பதற்கு ஆள் இல்லை. சுற்றுவழி ஒன்று உண்டென்று காகிதத்திலே காட்டலாம். பேருந்துக்கு அது சில நிமிடம். புத்தகப் பையோடு நடக்கும் பிள்ளைக்கு அது வழியே அன்று. அப்பிள்ளை நீர்க்கரைக்கே வரும். அங்கே எது மிதக்கின்றதோ அதில் ஏறும். அவ்வாறு ஏறும் மிதவைக்கு எத்தனை பேர் அளவு, உயிர்காப்பு அங்கி உண்டா, அதை ஓட்டுபவர் யார், அவர் யாருக்குக் கணக்குக் கூற வேண்டியவர் என்பதெல்லாம் பாலத்தின் ஒப்பந்தத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

வேறோர் ஊரிலே, ஒரு பாலத்தை அகலமாக்கும் உத்தேசத் திட்டத்தை ஊராருக்கு விளக்கும் கூட்டம் ஒன்றுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பிரதேச செயலகத்து மண்டபத்திலே பெரிய வரைபடம் ஒன்றை ஒட்டியிருந்தனர். மீனவர் சங்கத்தார் படகு புகும் உயரத்தைக் கேட்டனர். வியாபாரிகள் கடைமுகப்பு எவ்வளவு இடிபடும் என்று கேட்டனர். வரைபடத்தை விளக்கியவர் இளைஞர், பணிவானவர், நல்ல தமிழிலே பேசினார். கடைசியாக யான் எழுந்து, "தம்பி, வேலை நடக்கும்போது பிள்ளைகள் எதாலே போவார்கள்?" என்று கேட்டேன்.

"அதைக் கொந்தராத்துக்காரர் பார்த்துக்கொள்வார், ஐயா" என்றார்.

யான் உட்காரவில்லை. அவர் வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தார். சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, பழைய பாலத்தின் மேல்நீர்ப் பக்கமாகப் புள்ளிக் கோடு ஒன்றை மெல்ல இட்டு, அதன் நடுவிலே ஒரு கேள்விக்குறியையும் எழுதினார். "காலையிலே எத்தனை பிள்ளைகள் இதைக் கடப்பார்கள், ஐயா? எண்ணிக்கை கிடைத்தால் அகலத்தைக் கணிக்கலாம்" என்று கேட்டார்.

பதில் கூற எனக்குத் தெரியவில்லை. அத்தனை ஆண்டு அப்பகுதியிலே ஆசிரியத் தொழில் செய்தும் யான் எண்ணிப் பார்த்ததில்லை. அடுத்த திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கே இரண்டு ஆசிரியர்களைப் பாலத்தின் இருமுனையிலும் நிறுத்தினேன். நடந்து வருவோர், துவிச்சக்கர வண்டியில் வருவோர், முச்சக்கர வண்டியில் வருவோர் என்று மூன்று நிரல்களாகப் பிரித்து, எட்டு மணிவரை எண்ணினார்கள். அந்தத் தாளை அன்றே தபாலில் அனுப்பி வைத்தேன்.